தேதி எழுதிய வானம்

அர்ஜென்டினாவில் பராநா ஆற்றங்கரையில் ரொசாரியோ என்றொரு நகரம். பத்து லட்சம் பேர் வாழும் ஊர். தெருவிளக்கும் கடைவீதி வெளிச்சமுமாக இரவில் வானமே வெளிறிக் கிடக்கும். விக்டர் பூசோ அந்த ஊர்க்காரர். பூட்டு, சாவி வேலைதான் அவருடைய தொழில். வானியல் மீதிருந்த பித்தில் வீட்டு மொட்டைமாடியிலேயே ஒரு சிறிய வான்காணகத்தைக் கட்டி, 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஆடி பொருத்திய தொலைநோக்கியை அதில் நிறுத்தியிருந்தார்.

2016 செப்டம்பர் 20 அன்று இரவு அவருக்கு இருந்த வேலை ஒன்றுதான். புதிதாக வந்த கேமராவைத் தொலைநோக்கியில் மாட்டிச் சோதிக்க வேண்டும். எதைப் படமெடுத்தாலும் சரி. அந்த நேரத்தில் என்ஜிசி 613 என்ற சுருள் விண்மீன் மண்டலம் ஏறத்தாழ உச்சியில் இருந்தது. நம்மிடமிருந்து சுமார் 8 கோடி ஒளியாண்டு தூரம். தொலைநோக்கியை அதன் பக்கம் திருப்பினார்.

நகர வானத்தில் ஒரே படத்தை நீண்ட நேரம் எடுத்தால் எல்லாம் வெளுத்துவிடும். அதனால் 20 நொடிப் படங்களாக எடுத்துக்கொண்டே போனார். முதல் வரிசை முடிந்ததும் முக்கால் மணி நேரம்போல இடைவெளி விட்டு, மறுபடியும் எடுத்தார். எடுத்த படங்களைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தபோது, சுருளின் தென்கரை ஓரமாக ஒரு மங்கலான புள்ளி கண்ணில் பட்டது. முதல் வரிசைப் படங்களில் அந்தப் புள்ளி இல்லை. இரண்டாவது வரிசையில் இருந்தது. அதுவும் படத்துக்குப் படம் பிரகாசம் கூடிக்கொண்டே போனது. சென்சாரில் ஏற்பட்ட கோளாறாக இருந்தால் இப்படி ஒழுங்காக ஏறாது. பூசோ உடனே இன்னொரு வானியல் ஆர்வலரைத் தொடர்புகொண்டார். செய்தி உலகம் முழுவதும் போனது. விரைவிலேயே அமெரிக்காவின் லிக், கெக் ஆய்வகங்களின் பெரிய தொலைநோக்கிகள் அந்தப் புள்ளியைப் பின்தொடர ஆரம்பித்தன.

அது ஒரு சூப்பர்நோவா. எஸ்என் 2016ஜிகேஜி என்று பதிவானது. சூப்பர்நோவாவைக் கண்டுபிடிப்பது இந்தக் காலத்தில் அரிய விஷயம் அல்ல. தானியங்கித் தொலைநோக்கிகள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் கண்டுபிடிக்கின்றன. ஆனால் அவை கண்ணில் படுவது வெடிப்பு நடந்து சில மணி நேரமோ சில நாளோ கழித்துத்தான். பூசோவின் கேமரா பார்த்தது வெடிப்பின் முதல் ஒளி.

பெரிய விண்மீன் ஒன்று சாகும் விதத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நடுவிலுள்ள இரும்புக் கரு ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் தன்மேல் தானே இடிந்து விழுகிறது. அப்போது கிளம்பும் அதிர்ச்சி அலை விண்மீனின் உடல் முழுவதையும் கடந்து மேற்பரப்புக்கு வந்து சேரப் பல மணி நேரம் ஆகும். அதுவரை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்த விண்மீன் பழைய விண்மீனாகவே தெரியும். அலை மேற்பரப்பைக் கிழித்துக்கொண்டு வெளிவரும் கணத்தில்தான் முதன்முதலாக ஒளி பாயும். அந்தக் கட்டம் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. எந்த விண்மீன் எப்போது வெடிக்கும் என்று முன்கூட்டியே சொல்ல யாராலும் முடியாது. ஆகவே அந்தக் கட்டத்தைக் கோட்பாடாக எழுதிவைத்திருந்தார்களே ஒழிய, சாதாரண ஒளியில் தெளிவாகப் பதிவுசெய்தது கிடையாது. இப்படி ஒன்று தற்செயலாக ஒருவருக்கு அகப்படும் வாய்ப்பு ஒரு கோடியில் ஒன்று, இன்னும் குறைவாகவும் இருக்கலாம் என்று கணித்தார்கள். லா பிளாட்டா வானியற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்த மெலினா பெர்ஸ்டன் தலைமையில் எழுதப்பட்ட ஆய்வுக் கட்டுரை 2018 பிப்ரவரியில் நேச்சர் இதழில் வந்தது. கட்டுரையாசிரியர்களில் பூசோவின் பெயரும் இருக்கிறது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அதிர்ஷ்டத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு இதில் பெரிதாகப் படுவது வேறு. பூசோவின் படங்களிலேயே விலைமதிப்பற்றவை எவை? புள்ளி தெரிந்த படங்கள் என்று சொல்லத் தோன்றும். என் கணக்கில், புள்ளி தெரியாத படங்களுக்கும் அதே மதிப்பு உண்டு. இன்ன மணி இன்ன நிமிடம் வரைக்கும் அங்கே ஒன்றும் இல்லை என்பதற்கு உலகத்திலேயே அவைதான் சாட்சி. அவை இல்லாவிட்டால் வெடிப்பின் முதல் ஒளி எப்போது வந்தது என்று நிமிடக் கணக்கில் சொல்லியிருக்க முடியாது. கேமராவைச் சோதிக்க எடுத்த வெற்றுப் படங்கள்தானே என்று அவர் அழித்திருக்கலாம். அழிக்கவில்லை.

இந்த அத்தியாயத்தில் வரும் கதைகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது இதுதான். வானப் படம் ஒன்றின் அழகு அதை எடுத்தவருக்குச் சொந்தம். அதன் நேரமும் இடமும் எல்லோருக்கும் சொந்தம்.

கேமராவால் மட்டும் எப்படி இதெல்லாம் முடிகிறது? நம் கண் ஒளியைச் சேர்த்துவைப்பதில்லை. பத்தில் ஒரு நொடி, போனால் பத்தில் இரண்டு நொடி வரும் ஒளியை வைத்து ஒரு காட்சியை அமைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். அரைமணி நேரம் இருட்டில் உட்கார்ந்து கண்ணைப் பழக்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. கேமராவின் சென்சாரோ கோயில் உண்டியல் மாதிரி. எட்டணாவோ ஒரு ரூபாயோ, விழுகிற ஃபோட்டான் ஒவ்வொன்றும் உள்ளேயே கிடக்கும்; திறக்கும்போது மொத்தமாக எண்ணிக்கொள்ளலாம்.

இந்த உண்மையை உலகத்துக்கு முதலில் காட்டியவர்களும் தொழில்முறை வானியலாளர்கள் அல்லர். 1880 செப்டம்பர் 30 அன்று ஓரியன் நெபுலாவை முதன்முதலாகப் படம்பிடித்த ஹென்றி டிரேப்பர் நியூயார்க்கைச் சேர்ந்த மருத்துவர். 51 நிமிடம் ஒளிப்படத் தகட்டைத் திறந்துவைத்து எடுத்த படம் அது. 1883இல் அதே நெபுலாவை எடுத்த ஆண்ட்ரூ காமன் லண்டனுக்கு அருகே ஈலிங்கில் வாழ்ந்த சுகாதாரப் பொறியாளர். வீட்டுத் தோட்டத்தில் 36 அங்குலத் தொலைநோக்கியை நிறுத்தியிருந்தார். கண்ணை வைத்துப் பார்த்தால் அதே தொலைநோக்கியில் தெரியாத விண்மீன்கள் அவருடைய தகட்டில் தெரிந்தன. அன்றிலிருந்து வானியலில் கண்ணின் காலம் முடிந்து தகட்டின் காலம் தொடங்கியது என்று சொன்னால் மிகையில்லை.

அவர்கள் பட்ட பாடு இன்றைக்குப் படமெடுப்பவருக்கும் அப்படியே இருக்கிறது. பூமி சுழல்கிறது. நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை என்ற வேகத்தில் வானம் நகர்கிறது. ட்ரைபாடில் கேமராவை நிறுத்தி, ஷட்டரை அதிக நேரம் திறந்துவைத்தால் விண்மீன்கள் புள்ளியாக இல்லாமல் கோடாகிவிடும். அதற்குப் படக்காரர்கள் ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள்: 500ஐ லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் எத்தனை நொடி திறக்கலாம் என்று கிடைக்கும். 20 மில்லிமீட்டர் லென்ஸுக்கு 25 நொடி. அதற்கு மேல் வேண்டுமானால் பூமியின் சுழற்சிக்கு எதிராகக் கேமராவைத் திருப்பிக்கொண்டே போகும் டிராக்கர் வேண்டும்.

இன்னொரு வழி, குறைந்த நேரப் படங்கள் பலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது. ஸ்டாக்கிங் என்பார்கள். 100 படங்களை அடுக்கினால் விண்மீனின் ஒளி 100 மடங்காகும். சென்சாரின் இரைச்சல் ஒழுங்கில்லாமல் வருவதால் 10 மடங்குதான் ஏறும். ஆகப் படம் 10 மடங்கு தெளிவாகும். 10 மடங்கு தெளிவுக்கு 100 மடங்கு பொறுமை. இந்தக் கணிதத்தை ஏமாற்ற விலையுயர்ந்த கேமராவாலும் முடியாது.

நிறமும் அப்படித்தான். நெபுலாக்களில் ஹைட்ரஜன் உமிழும் சிவப்பு 656.3 நானோமீட்டர் அலைநீளம் கொண்டது. இருட்டில் வேலை செய்யும் நம் கண் செல்களுக்கு அந்தச் சிவப்பு அநேகமாகத் தெரியவே தெரியாது. கடையில் வாங்கும் கேமராவின் சென்சாருக்கு முன்னால் உள்ள வடிகட்டியும் அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். அதனால் ஆர்வலர்கள் அந்த வடிகட்டியைக் கழற்றி மாற்றிக்கொள்கிறார்கள். 'இந்த நிறமெல்லாம் கம்ப்யூட்டரில் போட்டது' என்று படத்தைப் பார்த்துச் சொல்பவர்கள் உண்டு. மிகைப்படுத்துகிறவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனாலும் நெபுலாவின் சிவப்பு நெபுலாவில் இருக்கும் சிவப்புதான். நமக்குத்தான் அதைப் பார்க்கும் கண் இல்லை.

பொறுமைக்குக் கிடைத்த பரிசு என்று ஒரு கதை சொல்ல வேண்டுமென்றால் ஆண்ட்ரோமெடாவைச் சொல்லுவேன். வானத்திலேயே மிக அதிகமாகப் படமெடுக்கப்பட்ட விண்மீன் மண்டலங்களில் ஒன்று அது. அதன் சுருள் கரங்களை முதலில் தெளிவாகக் காட்டிய ஐசக் ராபர்ட்ஸும் ஆர்வலர்தான். கட்டடத் தொழிலில் சம்பாதித்த பணத்தை வானத்துக்குச் செலவழித்தவர். லிவர்பூலுக்கு அருகில் மேகல் என்ற இடத்தில் 1888 டிசம்பர் 29 அன்று அவர் எடுத்த படத்தை இன்றும் புத்தகங்களில் பார்க்கலாம். அதைப் பார்த்துவிட்டு, ஒரு சூரியக் குடும்பம் உருவாகிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தார். விளக்கம் தவறு, படம் சரி. விளக்கம் போய்விட்டது, படம் நிற்கிறது.

ராபர்ட்ஸுக்குப் பிறகு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக எத்தனையோ தொலைநோக்கிகள் ஆண்ட்ரோமெடாவை எடுத்துத் தள்ளிவிட்டன. ஹபிளும் எடுத்துவிட்டது. அங்கே புதிதாக என்ன இருக்கப்போகிறது? 2022இல் பிரான்சின் லொரேன் பகுதியைச் சேர்ந்த யான் சாந்தி என்ற ஆர்வலர், 106 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு தொலைநோக்கியால் ஆண்ட்ரோமெடாவைப் பல இரவுகளாக எடுத்தார். மொத்தம் 100 மணி நேரத்துக்கு மேல். அதில் ஒரு பகுதியை ஆக்சிஜன் அயனி உமிழும் 500.7 நானோமீட்டர் ஒளியை மட்டும் விடும் குறுகிய வடிகட்டி போட்டு எடுத்தார். அந்தத் தரவுகளை மார்செல் டிரெக்ஸ்லர், சேவியர் ஸ்ட்ரோட்னர் என்ற வேறு இரண்டு ஆர்வலர்கள் அலசியபோது, ஆண்ட்ரோமெடாவுக்குப் பக்கத்திலேயே நீலப்பச்சை நிறத்தில் ஒரு பெரிய வளைவு தெரிந்தது.

எவ்வளவு பெரியது தெரியுமா? ஒன்றரைப் பாகை நீளம். மூன்று முழுநிலவுகளை வரிசையாக வைத்தால் வரும் நீளம். இவ்வளவு பெரிய பொருளை அதற்கு முன்பு ஒருவரும் பார்த்ததில்லை. லென்ஸுக்குள் ஒளி எதிரொளித்து இப்படிப் பிசிறு விழுவது உண்டு என்பதால் அவர்களுக்கே முதலில் சந்தேகம். வேறு இடங்களில், வேறு கருவிகளால் எடுத்த படங்களிலும் அது தெரிந்த பிறகுதான் தொழில்முறை வானியலாளர்களோடு சேர்ந்து 2023 ஜனவரியில் கட்டுரை வெளியிட்டார்கள். அந்தப் படத்துக்கு அதே ஆண்டு கிரீனிச் அருங்காட்சியகத்தின் வானப் புகைப்படப் போட்டியில் முதல் பரிசு. அந்த வளைவு ஆண்ட்ரோமெடாவுக்கு அருகில் இருக்கிறதா, நம் பால்வெளிக்குள்ளேயே முன்னால் மிதக்கும் வாயு மேகமா என்பதில் விவாதம் நடக்கிறது.

பெரிய தொலைநோக்கிகள் ஏன் அதைத் தவறவிட்டன? அவற்றின் பார்வைப்பரப்பு சிறியது. ஆண்ட்ரோமெடா முழுவதும்கூட ஹபிளின் ஒரு படத்துக்குள் அடங்காது. துண்டு துண்டாக எடுத்து ஒட்ட வேண்டும். போதாதற்கு, பெரிய தொலைநோக்கியில் ஓர் இரவு கிடைக்க விண்ணப்பம் போட்டு, நியாயம் எழுதி, வரிசையில் நிற்க வேண்டும். 'ஏற்கெனவே எல்லோரும் எடுத்த ஒன்றை 100 மணி நேரம் எடுக்கப்போகிறேன், ஒன்றும் கிடைக்காமலும் போகலாம்' என்று எழுதினால் எந்தக் குழு அனுமதி தரும்? மொட்டைமாடிக்காரருக்கு யார் அனுமதியும் தேவையில்லை. அகலமான லென்ஸும் தன் இஷ்டத்துக்குச் செலவழிக்கும் இரவுகளும்தான் அவருடைய செல்வம்.

இதுவரை சொன்னவை தொலைநோக்கிப் படங்கள். கேமராவும் ட்ரைபாடும் மட்டும் எடுத்துக்கொண்டு ஏரிக்கரையிலும் வயல்வெளியிலும் போய் நிற்பவர்களின் கதை எனக்கு இன்னும் நெருக்கமானது.

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் துருவ ஒளியைத் துரத்திப் படமெடுக்கும் ஆர்வலர் குழு ஒன்று இருக்கிறது. இரவில் கார் எடுத்துக்கொண்டு வடக்கு வானம் தெரியும் இடமாகப் போய் நிற்பார்கள். அவர்களுடைய படங்களில் அடிக்கடி ஒரு விநோதம் தென்பட்டது. வழக்கமான பச்சைத் திரைச்சீலைக்குத் தெற்கே தள்ளி, கிழக்கிலிருந்து மேற்காக வானத்தையே கடக்கும் மெல்லிய ஊதாநிறப் பட்டை. சில சமயம் அதன் கீழே வேலிக் கம்புகள் நட்டதுபோலப் பச்சைக் கோடுகள். 20 நிமிடமோ ஒரு மணி நேரமோ இருந்துவிட்டு மறைந்துவிடும். 'புரோட்டான் வளைவு' என்று அதற்கு அவர்களாகவே பெயர் வைத்திருந்தார்கள்.

2016இல் கால்கரி பல்கலைக்கழகத்தின் எரிக் டோனவனும் நாசாவின் எலிசபெத் மெக்டொனால்டும் இந்தக் குழுவினரோடு உட்கார்ந்து பேச வாய்த்தது. படத்தைக் காட்டியதும் டோனவனுக்குத் திகைப்பு. புரோட்டான்கள் விழுந்து உண்டாகும் ஒளி அகலமாகப் பரவி மங்கிக் கிடக்கும். இப்படிக் கூர்மையாக ஒரு கோடாக வராது. அப்படியானால் இது என்ன? தெரியாத பொருளுக்குத் தற்காலிகமாக ஒரு பெயர் வேண்டும். குழுவைச் சேர்ந்த கிறிஸ் ராட்ஸ்லாஃப் 'ஸ்டீவ்' என்று முன்மொழிந்தார். ஒரு கார்ட்டூன் படத்தில் காட்டு விலங்குகள், முன்பின் பார்த்திராத வேலிப்புதர் ஒன்றைக் கண்டு பயந்து, பயம் போவதற்காக அதற்கு வைக்கும் பெயர் அது. பெயர் ஒட்டிக்கொண்டது. விஞ்ஞானிகள் பிற்பாடு அந்த எழுத்துகளுக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு நீண்ட விரிவாக்கத்தைத் தேடிக் கண்டுபிடித்தார்கள்.

இங்கேதான் தேதியும் நேரமும் வேலைக்கு வந்தன. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் ஸ்வார்ம் செயற்கைக்கோள்கள் 2013 முதல் பூமியைச் சுற்றி அதன் காந்தப்புலத்தை அளந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் ஒன்று எப்போதாவது ஸ்டீவின் ஊடாகப் போயிருக்குமா? ஆர்வலர்களின் படங்களில் உள்ள நேரத்தையும் இடத்தையும் செயற்கைக்கோளின் பாதையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். போயிருந்தது. அந்தத் தரவைத் திறந்து பார்த்தால், 300 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை திடீரென்று 3,000 டிகிரி ஏறியிருக்கிறது. 25 கிலோமீட்டர் அகலமுள்ள வாயு ஓடை ஒன்று நொடிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் மேற்கு நோக்கிப் பாய்ந்திருக்கிறது. அதன் இரு பக்கமும் வேகம் நொடிக்கு 10 மீட்டர்தான். தரவு முன்பே சேமிப்பில் இருந்தது. எந்த நாளில், எந்த நிமிடத்தில் தேட வேண்டும் என்று சொல்லத்தான் ஆளில்லாமல் இருந்தது. 2018 மார்ச்சில் வந்த ஆய்வுக் கட்டுரையில் ஆர்வலர்களும் ஆசிரியர்களாக இடம்பெற்றார்கள். மேலிருந்து விழும் துகள்கள் இதை உண்டாக்கவில்லை, எனவே வழக்கமான துருவ ஒளியோடு இதைச் சேர்க்க முடியாது என்று அதே ஆண்டு இன்னொரு ஆய்வு காட்டியது.

பின்லாந்தில் நடந்தது இன்னும் நுட்பமானது. ஹெல்சிங்கி பல்கலைக்கழக விண்வெளி இயற்பியலாளர் மின்னா பால்ம்ரோத், துருவ ஒளியின் வகைகளை விளக்கும் கையேடு ஒன்றை ஆர்வலர்களின் படங்களைக் கொண்டு தயாரித்தார். படங்களை வகைவகையாகப் பிரித்துவந்தபோது ஒரு வடிவம் மட்டும் எதிலும் சேரவில்லை. அதைத் தனியே எடுத்துவைத்தார். 2018 அக்டோபரில், புத்தகம் வெளிவந்த கொஞ்ச நாளிலேயே, ஆர்வலர்கள் அந்த வடிவத்தை மறுபடியும் வானத்தில் பார்த்துவிட்டு அவருக்கு உடனே தகவல் சொன்னார்கள். பச்சை ஒளியில் சம இடைவெளியில் அடுக்கடுக்காகக் கோடுகள். கடற்கரை மணலில் காற்று வரைந்ததைப் போலிருந்ததால் 'மணல்மேடுகள்' என்று பெயரிட்டார்கள்.

அந்தக் கோடுகள் எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன? ஒரே ஒரு படத்தை வைத்து இதைச் சொல்ல முடியாது. அருகில் இருக்கும் சிறியதும் தொலைவில் இருக்கும் பெரியதும் படத்தில் ஒரே அளவாகத்தான் தெரியும். ஆனால் அதே நேரத்தில் லைட்டிலா, ருவோவெசி என்ற இரண்டு ஊர்களிலிருந்து ஆளுக்கொரு படம் கிடைத்திருந்தது. இரண்டிலும் கோடுகளுக்குப் பின்னால் விண்மீன்கள் தெரிந்தன. எந்த விண்மீன் எந்த நேரத்தில் எந்தத் திசையில், எத்தனை பாகை உயரத்தில் இருக்கும் என்பது துல்லியமாகக் கணக்கிடக்கூடியது. வானத்தைக் காட்டும் இலவச மென்பொருளான ஸ்டெல்லேரியத்தில் அந்த விண்மீன்களை அடையாளம் கண்டு, ஒவ்வொரு கோடும் அந்தந்த ஊரிலிருந்து எந்தத் திசையில் தெரிந்தது என்று கணக்கிட்டார்கள். இரு ஊர்களிலிருந்தும் இழுத்த கோடுகள் சந்திக்கும் இடம் சுமார் 100 கிலோமீட்டர் உயரம். அலைகளுக்கு இடையே 45 கிலோமீட்டர்.

100 கிலோமீட்டர் உயரம் என்பது ஆய்வாளர்களுக்கு எட்டாத இடம். பலூன் அவ்வளவு மேலே போகாது. செயற்கைக்கோள் அவ்வளவு கீழே சுற்ற முடியாது. அங்கே காற்றில் ஓடிய அலை ஒன்று துருவ ஒளி பட்டு வெளிச்சமாகி, அதன் வடிவம் இரண்டு சாதாரணக் கேமராக்களில் பதிந்திருக்கிறது. 2020 ஜனவரியில் அந்த ஆய்வு வெளியானது. இரண்டு கேமராக்களில் ஒன்றின் கடிகாரம் கணிசமாகப் பிசகியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? விண்மீன்களும் இடம் மாறி, அலைகளும் நகர்ந்து, இரண்டு அழகான படங்கள் மட்டும் மிஞ்சியிருக்கும்.

நேரம் குறிக்காத படத்தின் கதைக்கு நிலக்காட்சியிலேயே புகழ்பெற்ற உதாரணம் உண்டு. அதை எடுத்த ஆன்சல் ஆடம்ஸ் ஆர்வலர் அல்லர். இருபதாம் நூற்றாண்டின் ஆகப் பெரிய நிலக்காட்சிப் படக்காரர்களில் ஒருவர். நியூ மெக்ஸிகோவில் எர்னாண்டஸ் என்ற சிற்றூரைக் காரில் கடந்துபோகும்போது, மாலை வெயில் கல்லறைச் சிலுவைகளின் மேல் கடைசியாகப் படிவதையும், பின்னால் மலைக்கு மேலே நிலா ஏறியிருப்பதையும் பார்த்து வண்டியை நிறுத்தினார். அவசரத்தில் ஒளியளவி கைக்கு அகப்படவில்லை. நிலவின் பிரகாசம் எவ்வளவு என்பது மனப்பாடமாகத் தெரியும். அதை வைத்தே எக்ஸ்போஷரைக் கணித்து ஒரு படம் எடுத்தார். இரண்டாவது எடுப்பதற்குள் சிலுவைகளிலிருந்து வெயில் போய்விட்டது.

எடுத்த நுணுக்கமெல்லாம் நினைவில் நின்றது, தேதி நிற்கவில்லை. 1940 முதல் 1944 வரை வெவ்வேறு ஆண்டுகளை அவரே சொல்லியிருக்கிறார். வானியலாளர் டேவிட் எல்மோர், படத்தில் நிலா இருக்கும் இடத்தை மலைமுகட்டோடு பொருத்திக் கணக்குப் போட்டு, 1941 அக்டோபர் 31, மாலை 4.03 என்றார். பத்தாண்டு கழித்து டென்னிஸ் டி சிக்கோ என்பவர் அந்த ஊருக்கே போய், ஆடம்ஸ் நின்றது பழைய சாலையின் ஓரம் என்று கண்டுபிடித்து, மறுபடி கணக்கிட்டார். 1941 நவம்பர் 1, மாலை 4 மணி 49 நிமிடம் 20 நொடி. நின்ற இடம் சற்றே விலகினாலும் விடை ஒரு நாள் தள்ளிப்போகிறது! நிலா அந்தப் படத்தில் இருந்ததால்தான் இவ்வளவாவது முடிந்தது. வானமே கடிகாரமாக நின்று காப்பாற்றியது.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இப்போது கணினியில் ஒரு சொடுக்கில் வானத்தையே மாற்றிவிடலாம். ஏப்ரல் மாத மலையின்மேல் அக்டோபர் மாதப் பால்வெளியை ஒட்டலாம். நிலவைப் பெரிதாக்கி மலையிடுக்கில் உட்கார வைக்கலாம். சுவரில் மாட்டுவதற்கு அப்படிச் செய்பவரோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் அந்தப் படத்திடம் யாரும் எதையும் கேட்க முடியாது. எல்மோரைப் போல் ஒருவர் அறுபது ஆண்டு கழித்து வந்து கணக்குப் போட்டால் அது பொய்தான் சொல்லும். அப்படி ஒட்டியதை ஒட்டியது என்று படத்தின் கீழேயே எழுதிவிடுவதுதான் நேர்மை.

தமிழ்நாட்டிலிருந்து படமெடுப்பவருக்குத் துருவ ஒளி வாய்க்காது. வேறொன்று வாய்க்கும். பால்வெளியின் மையம் தனுசு ராசிப் பக்கம், வானத்தின் தென்பகுதியில் இருக்கிறது. லண்டனில் நிற்பவருக்கு அது தென் தொடுவானத்திலிருந்து ஒன்பது, பத்துப் பாகை உயரத்துக்கு மேல் ஏறாது. புழுதியிலும் புகையிலும் அமுங்கிவிடும். நம் ஊரில் அது ஏறத்தாழ 50 பாகை உயரத்துக்கு வந்து நிற்கும். அவர்கள் ஏங்கும் காட்சி நமக்குத் தெளிவாகத் தெரியும் உயரத்தில். மார்ச், ஏப்ரல் மாதங்களில் அமாவாசையை ஒட்டி, விடிவதற்கு முந்தைய மணிகளில் விருச்சிகத்தையும் தனுசையும் நன்றாகப் பார்க்கலாம். ஜூன் வந்துவிட்டால் மேகம். நம்மிடம் குறைவது இருட்டு ஒன்றுதான். ஜவ்வாது மலையில் காவலூர் வான்காணகத்தை அமைத்தவர்களும் அந்த இருட்டைத் தேடித்தான் காட்டுக்குள் போனார்கள்.

ஆகவே வாசகர்களிடம் சில வேண்டுகோள்கள். கேமரா பதிவுசெய்த மூலக் கோப்பான ரா ஃபைலை அழிக்காதீர்கள். மெருகேற்றிய படத்தை மட்டும் வைத்துக்கொண்டால் அளப்பதற்கு எதுவும் மிஞ்சாது. 'ஒன்றும் விழவில்லை' என்று தோன்றும் படங்களையும் கொஞ்ச காலமாவது சேர்த்துவையுங்கள். நின்ற இடத்தை ஊர்ப் பெயரோடு விட்டுவிடாமல் கைபேசியின் ஜிபிஎஸ் எண்ணாகவே குறித்துவையுங்கள். படத்தில் புரியாத ஒன்று தெரிந்தால், லென்ஸ் கோளாறு என்று துடைத்தெறிவதற்கு முன்னால் விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். முக்கியமாக, அடுத்த அமாவாசைக்குக் கிளம்பும் முன் கேமராவின் கடிகாரத்தைக் கைபேசியின் கடிகாரத்தோடு ஒத்துப்பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள். பெரும்பாலான கேமராக்களின் கடிகாரம் தானாகத் திருந்துவதில்லை. நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிசகிக்கொண்டே போகும்.